மலைவீட்டு நிலக்கரி அடுப்பும் காலைத் தலைவலியும்

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் நெடுங்காலமாக வசிக்கிறோம். கணவர் ஓய்வு பெற்றபின் குமாவுன் மலையில், முக்தேஷ்வருக்குச் சற்றுக் கீழே, தகரக் கூரை போட்ட சிறு வீடு ஒன்று வாங்கினோம். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தில் ஒரு வாரமாவது அங்கே இருப்போம். முந்தைய சொந்தக்காரர் விட்டுச்சென்ற வார்ப்பிரும்பு நிலக்கரி அடுப்பு படுக்கையறையில் இருக்கிறது. அங்கே எல்லாரும் அதைப் புகாரி என்கிறார்கள். அடுப்பின் புகைவாய் 6 அங்குலம். பழைய குழாய் துருப்பிடித்துவிட்டதால் உள்ளூர்த் தகரக் கடைக்காரர் 4 அங்குல ஜி.ஐ. குழாய் போட்டுக் கொடுத்தார். அது கொஞ்சம் மேலே போய், சுவரைத் துளைத்து வெளியேறி, வெளிச்சுவரை ஒட்டிக் கூரை விளிம்புவரை நிற்கிறது. உயரம் பத்தடி இருக்கும். குழாயில் வழியை மூடித் திறக்கும் தகடு, அதாவது ஒரு டாம்பர், அடுப்பின் அடியில் ஒரு காற்றுக்கதவு. மூட்டும்போது அறை முழுவதும் புகை. கரி சிவந்தபின் புகை இல்லை. இரவில் சூடு வீணாகாமல் இருக்க டாம்பரை மூடிவிடச் சொன்னார் வீட்டைப் பார்த்துக்கொள்பவர். அப்படியே செய்கிறோம். வாயு தாக்காமல் இருக்க ஒரு வாளித் தண்ணீரும் வைக்கிறோம். காலையில் இருவருக்கும் தலைவலி, எனக்குக் குமட்டல். மலை உயரம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. விரல்நுனி ஆக்ஸிமீட்டர் 96 காட்டுகிறது. டாம்பரை எவ்வளவு திறந்து வைப்பது? புகைபோக்கி நன்றாக இழுக்க என்ன செய்வது? இதேபோல் சிறிய அடுப்பு ஒன்றைத் தில்லி வீட்டிலும் வைக்கலாமா?

— வாசகி, மயூர் விஹார்

பதில்:

அம்மா, நீங்கள் கேட்டிருக்கும் மூன்று கேள்விகளுக்கும் பதில் உண்டு. ஆனால் கேட்காமல் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் தலைவலிக்குத்தான் முதல் பதில். அது மலை உயரத்தால் வந்ததல்ல என்றே நினைக்கிறேன். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் ஆளைப் படுத்தும். முக்தேஷ்வர் ஏறக்குறைய 2,285 மீட்டர். உங்கள் வீடு அதற்கும் கீழே. ஒரே அறையில் படுத்த இருவருக்கும் ஒரே காலையில் தலைவலி, கூடவே குமட்டல், இரவு முழுவதும் மூடிய டாம்பர். இந்த மூன்றும் சேர்ந்தால் நான் கார்பன் மோனாக்ஸைடைத்தான் சந்தேகிப்பேன். வெளியே போய் அரைமணி நேரம் வெயிலில் உட்கார்ந்தால் தலைவலி குறைகிறதா என்று நினைத்துப் பாருங்கள். குறைகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கீழே சொல்லும் மாற்றங்களைச் செய்து முடிக்கும்வரை அந்த அடுப்பை மூட்ட வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

நீங்கள் நம்பியிருக்கும் மூன்று காவல்களும் காவல்களே அல்ல. முதலாவது ஆக்ஸிமீட்டர். அது இரத்தத்தின் வழியே ஒளியைச் செலுத்தி நிறத்தைப் பார்க்கிறது. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ஹீமோகுளோபினும் அந்தக் கருவியின் சிவப்பு ஒளிக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். ஆகவே நஞ்சு ஏறியவருக்கும் அது 96, 97 என்று நல்ல எண்ணைக் காட்டும். இரண்டாவது வாளித் தண்ணீர். வட இந்தியா முழுவதும் இந்த நம்பிக்கை இருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு தண்ணீரில் கரைவதே அபூர்வம். அந்த வாளி அறையின் வறட்சியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். மூன்றாவது, புகை இல்லை என்ற நிம்மதி. மூன்றிலும் மோசமானது இதுதான்.

நிலக்கரி அடுப்பில் காற்று அடியிலிருந்து கிராதிக் கம்பிகளின் இடையே ஏறுகிறது. கீழ் அடுக்கில் கரி எரிந்து கார்பன் டை ஆக்ஸைடு உண்டாகிறது. அது மேலே ஏறும்போது செக்கச்சிவந்த கரியின் ஊடாகப் போக வேண்டும். அங்கே அந்த வாயு இன்னும் கொஞ்சம் கார்பனைப் பற்றிக்கொண்டு கார்பன் மோனாக்ஸைடாக மாறுகிறது. கரியின் மேல் நீலச் சுடர்கள் நடனமாடுவதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த வாயு எரிகிற காட்சி. எரிந்தால் நல்லது. எரிவதற்கு மேலேயும் காற்று வேண்டும். எரிந்து முடிந்ததும் குழாய் வழியே வெளியேறவும் வேண்டும். நீங்கள் டாம்பரை மூடியதும் சுடர் அணைகிறது, வாயு உண்டாவது நிற்பதில்லை. சிவந்த கரி விடிய விடிய அதைச் சுரந்துகொண்டே இருக்கும். போக வழி இல்லாத வாயு கதவு இடுக்கு, மூடி இடுக்கு வழியாக அறைக்குள் கசியும். நிறம் இல்லை, மணம் இல்லை. கரி நன்றாகச் சிவந்து புகை நின்றுவிட்டது, இனி உள்ளே எடுத்துவரலாம் என்று அங்கீட்டி எனும் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்காத செய்தி தில்லிப் பத்திரிகைகளில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. உங்கள் அறையில் புகைபோக்கி இருக்கிறது என்பதுதான் ஒரே வித்தியாசம். டாம்பரை மூடிய நிமிடத்தில் அந்த வித்தியாசமும் பெருமளவு போய்விடுகிறது.

இந்த வாயு ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். நல்ல காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் இருப்பதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மலையில் காற்றே மெலிந்திருப்பதால் அதே அளவு நஞ்சு கூடுதலாகப் படுத்தும். இனி எப்போதாவது இப்படித் தலைவலியோடு விழித்தால் முதலில் இருவரும் வெளியே வாருங்கள். பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். நிலக்கரி அடுப்பு உள்ள அறையில் படுத்திருந்தோம் என்று மருத்துவரிடம் சொல்லி, கார்பாக்ஸிஹீமோகுளோபின் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். நாமே எடுத்துச் சொல்லாவிட்டால் அது அவர் மனத்தில் தோன்றாமல் போகலாம். தில்லிக்குத் திரும்பி வந்து மறுநாள் எடுக்கும் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது.

இப்போது புகைபோக்கிக்கு வருகிறேன்.

புகைபோக்கி இழுப்பதற்குக் காரணம் எடை வித்தியாசம். குழாய்க்குள் இருக்கும் சூடான வாயு இலேசு. வெளியே இருக்கும் குளிர்ந்த காற்று கனம். கனமான காற்று அடுப்பின் அடியில் புகுந்து இலேசானதை மேலே தள்ளுகிறது. ஆக இழுவை இரண்டைப் பொறுத்தது: குழாயின் உயரம், குழாய்க்குள் இருக்கும் சராசரிச் சூடு. இதுபோன்ற அறை அடுப்புகளுக்கு ஏறக்குறைய 12 பாஸ்கல் இழுவை வேண்டும். அது 1.2 மில்லிமீட்டர் தண்ணீரின் அழுத்தம். இத்தனை சின்ன விசையை நம்பித்தான் வீட்டு அடுப்புகள் எல்லாம் எரிகின்றன. அதனால்தான் ஒரு வளைவு கூடினாலும், ஒரு ஜன்னலை இறுகச் சாத்தினாலும் விளைவு உடனே தெரிகிறது.

உங்கள் குழாயைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உயரம் பத்தடி, அதாவது 3 மீட்டர். பாதிக்கு மேல் வெளிச்சுவரில், குளிரில், ஒற்றைத் தகடாக நிற்கிறது. உள்ளே வாயுவின் சராசரிச் சூடு 80 டிகிரிக்கு மேல் இருக்கும் என்று தோன்றவில்லை. வெளியே 0 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கடல்மட்டத்தில் இது 8 அல்லது 9 பாஸ்கல் கொடுக்கும். உங்கள் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய கால்பங்கு குறைவு. ஆகவே கையில் கிடைப்பது 6 அல்லது 7. மார்ச் மாதப் பகலில் வெளியே 18 டிகிரி இருந்தால் 5-ஐத் தொடுவதே சிரமம். இது தடையே இல்லாத நேர்க்குழாய்க்கான கணக்கு. உங்களுடையதில் இரண்டு எல்போ, ஒரு படுக்கைத் துண்டு. போதாததற்கு 6 அங்குல வாயில் 4 அங்குலக் குழாயைச் செருகியிருக்கிறார்கள். விட்டத்தில் இரண்டு அங்குலம்தான் குறைவு, ஆனால் வழியின் பரப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. மூட்டும்போது அறை முழுவதும் புகை வருவதில் வியப்பே இல்லை. அடுப்பின் மேல் எந்தத் தப்பும் இல்லை.

தகரக் கடைக்காரரையும் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். கடையில் இருந்த குழாயை, கூரையில் ஓட்டை போடாமல், மழை ஒழுகாமல் பொருத்திக் கொடுத்திருக்கிறார். அவர் பார்வையில் அது நல்ல வேலை.

செய்ய வேண்டியது இது. குழாயை 6 அங்குலமாகவே, அடுப்பின் தலையிலிருந்து நேராக மேலே, கூரையைத் துளைத்துக் கொண்டுபோங்கள். மொத்த உயரம் 5 மீட்டருக்குக் குறையக் கூடாது. கூரையைத் துளைக்கும் இடத்துக்கு மேல் குறைந்தது 3 அடி; அதோடு சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் கூரை முகட்டையோ மரத்தையோ சுவரையோவிட 2 அடியாவது உயரம். உங்கள் குழாய் இப்போது கூரை விளிம்போடு நின்றுவிடுகிறது. முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று அதன் வாயில் நேராக அடிக்கும். மலைச்சரிவில் அந்தி சாய்ந்ததும் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி வழியும் என்பதால் மாலையில் மூட்டும்போது தொல்லை கூடும். வெளியே நிற்கும் பகுதிக்கு இரட்டைக் குழாய் வேண்டும். இடையில் ராக்வூல் பஞ்சு. இப்படிச் செய்தால் சராசரிச் சூடு 150 டிகிரியை எட்டும். அதே மலையில், அதே குளிரில், கணக்கு 17 பாஸ்கல் காட்டுகிறது. எல்லா இழப்பும் போக 12-க்குக் குறையாது.

ஜி.ஐ. குழாய் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சுக்கு இந்தச் சூடு ஆகாது; அடுப்புக்கு அருகில் இருக்கும் பகுதி மிகையாகச் சூடேறினால் துத்தநாகப் புகையும் கிளம்பும். நிலக்கரியில் கந்தகம் இருப்பதால் உட்புறமும் சீக்கிரம் அரித்துப்போகும். வெளியே துருப்பிடிக்காத எஃகு, அறைக்குள் தடித்த கறுப்பு இரும்புக் குழாய் என்று கேளுங்கள். கூரையின் உட்புறம் மரப்பலகை அடித்திருந்தால் ஒற்றைக் குழாய்க்கும் பலகைக்கும் இடையே 18 அங்குல இடைவெளி விட வேண்டும். அவ்வளவு விட முடியாத இடத்தில், கூரையைக் கடக்கும் துண்டு கட்டாயம் பஞ்சு வைத்த இரட்டைக் குழாயாக இருக்கட்டும். மலைவீடுகள் தீப்பிடிப்பது பெரும்பாலும் அந்த ஓட்டையில்தான் தொடங்கும் என்பது என் அனுபவம்.

டாம்பருக்கு வருகிறேன். எவ்வளவு திறப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் இப்போதைய குழாய்க்கு என் பதில்: டாம்பரே வேண்டாம், கழற்றி எடுத்துவிடுங்கள். டாம்பர் என்பது மிகையாக இழுக்கும் புகைபோக்கியைக் கட்டுப்படுத்த வந்தது. மூன்று மாடி உயரக் கல்புகைபோக்கி, சூறைக்காற்றில் 30, 40 பாஸ்கல் இழுக்கும். கரி கடகடவென்று எரிந்து தீரும், சூடெல்லாம் மேலே போய்விடும். அங்கே டாம்பருக்கு வேலை உண்டு. 6 பாஸ்கல் இழுக்கும் குழாயில் அதற்கு என்ன வேலை?

தீயின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அடியில் இருக்கும் காற்றுக்கதவு போதும். கல்யாண மண்டபத்தில் கூட்டம் மிஞ்சினால் முன்வாசலைச் சாத்துவோம்; உள்ளே இருப்பவர்கள் வெளியேறும் பின்வாசலைப் பூட்ட மாட்டோம். அடியில் காற்றைக் குறைத்தால் தீ தானாகத் தணியும். உண்டாகும் வாயு குறையும். உண்டானது வெளியே போக வழியும் திறந்திருக்கும். குழாயை மூடினாலோ, தீயும் தணிகிறது, வாயுவும் உள்ளே நிற்கிறது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே பலனைத் தருவதாகத் தோன்றும். அதனால்தான் இத்தனை வீடுகளில் இந்தத் தவறு நடக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் விறகு அடுப்பில் பழகியவராக இருக்க வேண்டும். கருவாலி விறகு எரிந்து சாம்பல் மூடியபின் டாம்பரைக் குறைப்பது அங்கே வழக்கம். அதுவும் ஆபத்துதான், ஆனால் விறகுத் தணல் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். நிலக்கரித் தணல் விடியும்வரை ஓயாது.

புதுக் குழாய் போட்டபின், காற்றடிக்கும் இரவுகளில் இழுவை மிஞ்சுகிறது என்று தோன்றினால் அப்போது டாம்பர் வைக்கலாம். முழுவதும் திருப்பினாலும் கால்பங்கு வழி திறந்தே இருக்கும்படி தகட்டில் வெட்டு இருக்க வேண்டும். கைப்பிடி எந்தப் பக்கம் நின்றால் திறப்பு என்று குழாயிலேயே கோடு போட்டுவையுங்கள். எடை தொங்கவிட்ட தானியங்கி டாம்பர் ஒன்றும் உண்டு. இழுவை மிஞ்சும்போது அதன் தகடு தானாகத் திறந்து அறைக்காற்றைக் குழாய்க்குள் விட்டு இழுவையைத் தணிக்கும். நிலக்கரிக்கு ஏற்ற கருவிதான், நன்றாக இழுக்கும் உயரமான புகைபோக்கியில். விறகும் எரிக்கிறீர்கள் என்றால் அதைத் தவிர்ப்பது நல்லது.

இழுவை போதுமா என்று பார்க்க டிஜிட்டல் மானோமீட்டர் (அழுத்தமானி) வைத்திருக்கும் ஏ.சி. மெக்கானிக்கை அழைக்கலாம். வீட்டிலேயே பார்க்க ஊதுபத்தி போதும். அடுப்பு சூடானபின், அடிக்காற்றுக்கதவைத் திறந்து, ஊதுபத்தியை அதன் முன்னே பிடியுங்கள். புகை தயங்காமல் உள்ளே ஓட வேண்டும். அடுத்து அதையே குழாய் இணைப்புகள், அடுப்பின் மேல்மூடி ஆகியவற்றின் ஓரமாகக் கொண்டுபோங்கள். அங்கும் புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். எங்காவது வெளியே தள்ளப்பட்டால் அந்த இடத்தில் வாயுவும் வெளியே வருகிறது என்று பொருள். பிறகு ஜன்னல் ஒன்றை இரண்டு விரல் அகலம் திறந்து மறுபடி பாருங்கள். திறந்ததும் இழுவை கூடினால், அடுப்புக்குக் காற்றுப் பஞ்சம் இருக்கிறது. மலைவீடுகளில் குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் ஒட்டி அடைத்துவிடுவோம். போகும் காற்றுக்கு ஈடாக வரும் காற்று இல்லாவிட்டால் ஐந்து மீட்டர் குழாயும் இழுக்காது. சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி ஓடினால் நிலைமை இன்னும் மோசம். அது புகைபோக்கி வழியாகவே காற்றை உள்ளே இழுக்கும், புகை திரும்பி அறைக்குள் வரும். அடுப்பு எரியும்போது விசிறி ஓடக் கூடாது. அடுப்புக்குப் பின்னால் சுவரின் கீழ்ப்பகுதியில் கை நுழையும் அளவு ஒரு காற்றுத்துளை வைத்து, எலி வராமல் கம்பி வலை போடுங்கள். அந்தத் துளையை யாரும் துணி வைத்து அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

மூட்டும் முறை. குளிர்ந்த குழாய் இழுக்காது. முதலில் அதைச் சூடாக்க வேண்டும். கரியைக் கொட்டுவதற்கு முன் உலர்ந்த பைன் காய் நாலைந்தும் சுள்ளியும் வைத்து, எல்லாக் காற்றுக்கதவுகளையும் திறந்து, பத்து நிமிடம் கொழுந்துவிட்டு எரியவிடுங்கள். குழாயின் மேல்பகுதிவரை சூடு ஏறியபின் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பைன் காயையே எரிபொருளாக்கிவிட வேண்டாம், பிசினால் குழாயில் புகைக்கரி படியும். நிலக்கரி தனித்தனித் துண்டாக எரியாது. நாலு முதல் ஆறு அங்குலம் கனத்துக்குப் படுக்கை வேண்டும், அதற்கு அடியிலிருந்து காற்று வேண்டும். விறகுக்குச் சாம்பல் மெத்தை நல்லது. நிலக்கரிக்கு அதே சாம்பல் எதிரி.

நம் நாட்டு நிலக்கரியில் இது பெரிய தொல்லை. கிலோவுக்கு 300, 400 கிராம் சாம்பல் சர்வசாதாரணம். அது கிராதிக் கம்பிகளை அடைத்தால் காற்று ஏறாது. கீழ்த்தட்டில் நிறைந்து கம்பிகளைத் தொட்டால் கம்பி சூட்டில் வளைந்துவிடும். காலையும் மாலையும் இரும்புக் கம்பியால் அடியிலிருந்து கிளறிவிட்டுத் தட்டைக் காலிசெய்யுங்கள். மேலிருந்து கிளறாதீர்கள், சாம்பலும் கரியும் கலந்து தீ செத்துவிடும். எடுத்த சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே வையுங்கள். அதில் தணல் இருக்கும், தணல் இருக்கும்வரை வாயுவும் இருக்கும். அசாம் நிலக்கரியில் சாம்பல் குறைவு, ஆனால் கந்தகம் மிகுதி, குழாய்க்கு எமன். தமிழ்நாட்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கரியாக்கி ‘லெகோ’ என்ற பெயரில் வீட்டு அடுப்புக்கு விற்ற காலம் ஒன்று உண்டு. புகையாகும் பகுதியை முன்பே எடுத்துவிட்டதால் அது புகையாமல் எரியும். புகை இல்லாத கரியிலும் மோனாக்ஸைடு அதே அளவு வரும் என்பதை இங்கே இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

எரியும் அடுப்பில் கரி சேர்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். சிவந்த கரியை முழுவதும் மூடும்படி புதுக் கரியைக் கொட்டினால் சுடர் அணைந்துவிடும். புதுக் கரியிலிருந்து கிளம்பும் ஆவி எரியாமல் அடுப்புக்குள் நிறையும். சிறிது நேரம் கழித்து எங்கோ ஒரு தணல் எட்டிப்பார்க்கும்போது அத்தனையும் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டு ‘டப்’ என்று வெடிக்கும். குழாய் இணைப்புகள் கழன்றுவிழுவதும் உண்டு. ஆகவே கரியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போடுங்கள். மறுபக்கத்தில் சிவந்த கரி வெளியே தெரியட்டும். மேல்காற்றுக்கதவு இருந்தால் புதுக் கரி நன்றாகப் பற்றும்வரை அதைத் திறந்துவையுங்கள். அடுப்புக் கதவைத் திறக்கும்போது, டாம்பர் இருந்தால் முதலில் அதை முழுவதும் திறந்து, அரை நிமிடம் பொறுத்து, கதவை முதலில் ஓர் அங்குலம் மட்டும் திறந்து, பிறகு முழுவதும் திறக்க வேண்டும். இந்த வரிசை கைப்பழக்கமாகிவிடும்.

இரவு முழுவதும் அடுப்பு எரிய வேண்டுமா? படுக்கையறையில் வேண்டாம். இது என் தொழில் கருத்து மட்டுமல்ல, உங்கள் தலைவலியைப் பார்த்தபின் என் வேண்டுகோளும்கூட. முடிந்தால் அடுப்பை முன்னறைக்கு மாற்றுங்கள். எப்படியும் புதுக் குழாய் போடப்போகிறீர்கள், இடம் மாற்ற இதுவே சமயம். எட்டு மணிக்குமேல் கரி சேர்க்காமல் தீயைத் தானாகத் தணியவிடுங்கள். வார்ப்பிரும்பு இரவில் வெகுநேரம் சூட்டைத் தரும். மிச்சத்தை ரஜாயும் வெந்நீர்ப் பையும் பார்த்துக்கொள்ளும். அடுப்பை எங்கே வைத்தாலும், படுக்கும் அறையில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. கடைக்காரர் ஒன்றைக் கேட்டால் மற்றொன்றை எடுத்துக் கொடுப்பார். ஈ.என். 50291 தரம் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தின்படி காற்றில் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், 300 பி.பி.எம். இருந்தால் மூன்று நிமிடத்துக்குள்ளும் அது அலற வேண்டும். அதன் உணரி சில ஆண்டுகளில் செத்துப்போகும். காலாவதித் தேதி பின்புறம் இருக்கும்.

தில்லி வீட்டில் வைக்கலாமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. கூடாது. காற்றுத் தர மேலாண்மை ஆணையம் 2023 ஜனவரி 1 முதல் தேசியத் தலைநகர் வட்டாரம் முழுவதும் நிலக்கரியைத் தடைசெய்திருக்கிறது. அனல்மின் நிலையங்களுக்குக் கந்தகம் குறைந்த நிலக்கரிக்கு மட்டும் விலக்கு. வீட்டு உபயோகமும் தடைக்குள் வருகிறது. குளிர்காலத்தில் காற்று கெடும்போது உணவகங்களின் தந்தூர் அடுப்புக்கே கரி கூடாது என்கிறார்கள். காவலாளிகள் குப்பை கொளுத்திக் குளிர் காயாமல் இருக்க மின்சூடேற்றி கொடுங்கள் என்று குடியிருப்புச் சங்கங்களிடம் சொல்கிறார்கள். சட்டத்தை விட்டாலும், அடுக்குமாடியில் நேராக 5 மீட்டர் குழாயை எங்கே கொண்டுபோவீர்கள்? மேல்வீட்டுக்காரரின் பால்கனிக்குள்ளா? கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியில் குழாயில்லாமல் வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர் ஒன்று வாங்குங்கள். மெதுவாகத்தான் சூடேறும், ஆனால் அறைக்காற்றைத் தின்னாது. 15 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் கயிறு வேண்டாம்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. நீங்கள் இல்லாத ஏழு மாதங்களில் குழாய் என்ன ஆகிறது? நிலக்கரிப் புகைச் சாம்பலில் இருக்கும் கந்தக உப்புகள் மழைக்கால ஈரத்தை உறிஞ்சி அமிலமாகி இரும்பைத் தின்னும். எரியும் நாளில் அரிப்பதைவிடச் சும்மா இருக்கும் நாளில் அரிப்பதே அதிகம். உங்கள் பழைய குழாய் போனதும் அப்படித்தான் இருக்கும். மார்ச் கடைசியில் அறைக்குள் இருக்கும் குழாயைக் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, அடுப்பின் உள்ளேயும் குழாயின் உள்ளேயும் லேசாக எண்ணெய் தடவி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். குளிர்காலத்திலும் மாதம் ஒருமுறை குழாயைத் தட்டிப்பாருங்கள். வளைவு ஏதாவது மிஞ்சியிருந்தால் பறக்கும் சாம்பல் அங்கேதான் குவிந்து வழியை அடைக்கும். மேல்வாய்க்கு மழையும் குருவிக்கூடும் வராமல் தகரமூடி போட்டுக் கட்டச் சொல்லுங்கள். அப்படிக் கட்டியதை ‘மேலே மூடி இருக்கிறது’ என்று ஒரு சீட்டில் இந்தியிலும் தமிழிலும் எழுதி அடுப்புக் கதவில் கட்டாயம் ஒட்டிவையுங்கள். நவம்பரில் உங்களுக்கு முன்பாக வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வந்து, அறையைச் சூடாக்கி வைப்போமே என்று நல்லெண்ணத்தில் தீ மூட்டிவிடக் கூடும்.